பத்தாம் இடத்துக் கோடு

கருமாதி முடிந்த மூன்றாம் நாள் கண்ணாயி மலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி, சேந்தமங்கலத்தில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்துக்கு வந்தார். புருஷனைப் பறிகொடுத்தவர், சண்டை போடத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை. கட்டைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து என் மேசைமேல் வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, பத்தாவது எடத்துல துணி இழுத்தது யாருங்க?"

எனக்குப் பதில் தெரியும். யாருமே இழுக்கவில்லை. இதில் என்ன இருக்கிறது என்று புரிய வேண்டுமானால் முதலில் கண்ணாயியைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. கண்ணாயி பிறந்தது எடப்புளி நாட்டில். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. வீட்டில் இருபத்து மூன்று ஆடுகள், மேய்க்க ஆள் இல்லை. சாயங்காலம் பட்டியில் அடைக்குமுன் ஒவ்வொரு ஆட்டின் காது மடலையும் குளம்பு இடுக்கையும் விரித்துப் பார்த்து உண்ணி பொறுக்குவது அவர் வேலை. பத்து வயதில் தொடங்கிய பழக்கம் கடைசிவரை விடவில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் பேசிக்கொண்டே பக்கத்தில் படுத்திருக்கும் நாயின் காதைத் திருப்புவார். காபி வருவதற்குள் நாலைந்து எடுத்துவிடுவார். இதற்காக அவரைக் கிண்டல் செய்யாத ஆள் ஊரில் கிடையாது.

ஆலத்தூர் நாட்டு செல்லமுத்துவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ஒன்றரை ஏக்கர் மரவள்ளி, ஓரமாக சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிய மிளகுக் கொடி, ஒரே பையன் சந்தோஷ்குமார். பையன் போர்வெல் வண்டியோடு வடக்கே எங்கெங்கோ போய்விட்டு வருஷத்துக்கு இரண்டு தடவை வருவான். செல்லமுத்து அதிகம் பேசாதவர். பேசினால் பெண்டாட்டியை ஏதாவது சீண்டுவதற்காகத்தான் பேசுவார். "எங்க ஊட்டு உண்ணி டாக்டருங்க" என்றுதான், எங்கள் அலுவலகத்தில் ஆள் எடுத்த அன்று கூட வந்திருந்தபோது, என்னிடம் கண்ணாயியை முதன்முதலில் காட்டினார்.

வேறு மலைகளில் குரங்குகள் செத்து விழுந்து, அங்கே உண்ணி கடித்து ஆட்களும் காய்ச்சலில் போன சேதி வந்த பிறகு எங்கள் திட்டம் ஆரம்பித்தது. எந்தக் காட்டில் எந்த உண்ணி இருக்கிறது, அது மனிதரைக் கடிக்கிறதா, அதன் உடம்பில் நோய் இருக்கிறதா என்று மாதாமாதம் பார்த்து எழுத வேண்டும். குரங்குக் காய்ச்சல் மட்டும் இல்லை. உண்ணி கொண்டுவரும் புள்ளிக் காய்ச்சல் என்று ஒன்று இருக்கிறது. தலைவலியும் சுரமுமாகத் தொடங்கி, நாலாம் ஐந்தாம் நாளில் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சிவப்புப் புள்ளி எடுக்கும். ஆரம்பத்திலேயே கொடுத்தால் சாதாரண மாத்திரையில் தீர்ந்துவிடும். தாமதித்தால் சிறுநீரகம், நுரையீரல் என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

களப்பணிக்கு ஆள் எடுத்த அன்று எங்கள் அதிகாரி மணிவண்ணன் மேசையில் நாலு பாட்டில் உண்ணியைக் கொட்டி, வந்தவர்களைப் பிரிக்கச் சொன்னார். பட்டம் படித்த மூன்று பேர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு விழித்தார்கள். கண்ணாயி வெறுங்கண்ணால் பார்த்து விரலால் தள்ளித் தள்ளி வைத்தார். இது மாட்டுது, இது நாய்து, இது எலி வளையில் கிடக்கிறது.

"இந்தப் பொடிசு இருக்குதுங்களே, இது ஆளைக் கண்டா ஏறும்."

"எப்படித் தெரியும்?" என்றார் மணிவண்ணன்.

"ஏறியிருக்குதுங்களே."

மணிவண்ணன் சிரித்துவிட்டு அவரையே எடுத்துக்கொண்டார். ஆனால் காகிதத்தில் அவர் பெயர் 'உதவியாளர், தற்காலிகம்' என்றுதான் ஏறியது. பட்டம் படித்த மூன்று பேரில் ஒருவன்தான் நான், அருள்பிரகாஷ். உண்ணியைப் பிரிக்கத் தெரியாதவனுக்குக் கம்ப்யூட்டர் முன்னால் இடம் கொடுத்தார்கள். மலை அனுப்பும் கணக்கைத் தட்டி மேலே ஏற்றுவது என் பிழைப்பு.

துணி இழுப்பது என்றால் இதுதான். ஒரு கம்பில் கட்டிய வெள்ளைப் பருத்தித் துணியைச் சருகுமேல் இழுத்துக்கொண்டு மெதுவாக நடக்க வேண்டும். உயிருள்ள ஏதோ உரசிப் போகிறது என்று நினைத்து உண்ணி துணியில் தொற்றும். பத்து எட்டு வைத்ததும் துணியைத் திருப்பிப் பார்த்து, சாமணம் என்கிற சின்ன இடுக்கியால் பொறுக்கி ஸ்பிரிட் பாட்டிலில் போட வேண்டும். முழங்கால்வரை கம்பூட்ஸ் கட்டாயம். பேன்ட்டை அதற்குள் செருகி, பூச்சி அண்டாத எண்ணெயைத் தடவிக்கொண்டுதான் காட்டில் இறங்கலாம். பூட்ஸ் இல்லாமல் யாராவது இறங்கினால் அதிகாரியின் வேலை போகும் என்று உத்தரவே இருந்தது. நல்ல உத்தரவுதான். இழுக்கிறவருக்கு ஒன்றும் ஆகக்கூடாது அல்லவா.

மொத்தம் பத்து இடங்கள். பத்தாவது, கண்ணாயியின் ஊருக்கு மேலே இருக்கும் சாமிக்காடு. அதன் எல்லைக்கல்லைத் தாண்டி யாரும் செருப்போடு போகக்கூடாது. கலெக்டரே வந்தாலும் கழற்றித்தான் ஆக வேண்டும். பூட்ஸ் இல்லாமல் இறங்கக்கூடாது என்று அலுவலகம், பூட்ஸோடு ஏறக்கூடாது என்று ஊர். முதல் மாதமே குழு கல்லுக்கு இந்தப்பக்கம் நின்றுவிட்டது.

"நான் வெறுங்காலோட போயி இழுத்துட்டு வாரேனுங்க. எனக்கென்ன புதுசா?" என்றார் கண்ணாயி.

"உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் பதில் சொல்லணும். வேண்டாம், விடுங்க" என்றார் மணிவண்ணன். அவரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

ஆகவே பத்தாம் இடத்தில் துணி இழுக்கவே இல்லை. அதை மறைக்கவும் இல்லை. எங்கள் கையேட்டிலேயே அதற்கு வழி சொல்லியிருந்தது. தேடிக் கிடைத்தால் எண்ணிக்கை, தேடியும் கிடைக்காவிட்டால் பூஜ்யம், தேடவே இல்லை என்றால் ஒரு கோடு. கண்ணாயி இதைத் தன் பாஷையில் மனப்பாடம் செய்து வைத்திருந்தார். "பாத்து இல்லீன்னா முட்டை, பாக்கலீன்னா கோடு." அவர் நோட்டில் பத்தாம் வரிசைக்கு நேராக மாதாமாதம் ஒரு கோடு இருக்கும். அடிமட்டம் வைத்துப் போட்ட நேர்கோடு.

அந்தக் கோடு என் மேசைக்கு வந்தது. கம்ப்யூட்டரில் பத்துக் கட்டம். காலியாக விட்டால் கட்டம் சிவக்கும். கோடு அடித்தால் எண் மட்டும் போடு என்று அடம் பிடிக்கும். ஒரு கட்டம் சிவப்பாக இருந்தாலும் அனுப்பும் பொத்தான் வேலை செய்யாது. முதல் மாதம் நான் மணிவண்ணனுக்கு போன் செய்து கேட்டேன். அவர் ஏதோ கூட்டத்தில் இருந்தார். "இன்னிக்குக் கடைசி நாள் அருள், ஒரு பூஜ்யத்தப் போட்டு அனுப்பிடுங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். இரண்டாம் மாதம் நான் அவரைக் கேட்கவில்லை. மூன்றாம் மாதம் கேட்க வேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. விரல் பழகிவிட்டது. இருபத்தேழு மாதம், இருபத்தேழு பூஜ்யம். நடுவில் ஒரு வருஷம், கட்டம் எதையும் காலியாக விடாத அலுவலகம் என்று எங்களுக்குப் பாராட்டுச் சான்றிதழ் வந்தது. அதில் என் பெயரும் இருக்கிறது. சட்டம் போட்டு மாட்டினோம்.

இந்த எண்களையெல்லாம் வைத்து மேலே ஒரு வரைபடம் தயாராகும். மலையில் இருக்கும் டாக்டர்கள் அதை போனிலேயே பார்க்கலாம். உண்ணி உள்ள இடம் சிவப்பு, தேடியும் இல்லாத இடம் பச்சை, தேடாத இடம் வெள்ளை. சிவப்பிலிருந்தோ வெள்ளையிலிருந்தோ காய்ச்சலோடு ஆள் வந்தால், ரத்தப் பரிசோதனைக்குக் காத்திராமல் அன்றைக்கே அந்த மாத்திரையைத் தொடங்க வேண்டும். பச்சையிலிருந்து வந்தால் முதலில் வேறு காய்ச்சலா என்று பார்க்கலாம். விதி அவ்வளவுதான். சாமிக்காடு வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய இடம். என் புண்ணியத்தில் இரண்டு வருஷத்துக்கு மேல் பச்சையாக இருந்தது.

மாசியில் சாமிக்காட்டில் பூசை. அதற்கு முந்தின மூன்று நாள், முறைக்கார வீடுகளிலிருந்து வீட்டுக்கு ஓர் ஆளாகப் பதினோரு பேர் உள்ளே போய்ச் சருகு கூட்டுவார்கள். செருப்பு மட்டுமில்லை, மேல்சட்டையும் கூடாது. விளக்குமாறும் உள்ளே எடுத்துப்போகக்கூடாது. குனிந்து கையாலேயே அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து எல்லைக்கு வெளியே கொட்ட வேண்டும். வருஷம் பூராவும் விழுந்த சருகு, நடுமத்தியானத்தில் ஆடுகள் ஒதுங்கிப் படுக்கிற நிழல். உண்ணிக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது. செல்லமுத்து இருபது வருஷத்துக்கு மேலாக அள்ளியவர். எல்லா வருஷமும் கடித்திருக்கும். எல்லா உண்ணியிலும் நோய் இருக்காது, அதனால் தப்பித்துக்கொண்டிருந்தார்.

போன வருஷம் தப்பவில்லை. பூசை முடிந்த ஆறாம் நாள் காய்ச்சல் கண்டது. கண்ணாயி வேறு எதையும் யோசிக்காமல் அவரைத் திண்ணையில் உட்காரவைத்து உடம்பு முழுக்கத் தேடினார். இடது முழங்காலுக்குப் பின்மடிப்பில் ஒன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. தலை உள்ளே தங்கிவிடாதபடி சாமணத்தால் எடுத்துப் பாட்டிலில் போட்டார். ஆளைக் கண்டால் ஏறுகிற அதே பொடிசு. பாட்டிலும் புருஷனுமாக அன்றைக்கே மலையிலிருந்த ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். இதைவிட ஒருத்தர் என்ன செய்ய முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

அங்கிருந்தவர் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதமான டாக்டரம்மா. பொறுமையாகத்தான் கேட்டார். பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு போனைத் திறந்து வரைபடத்தைக் காட்டினார்.

"எங்கங்க சருகு அள்ளுனாரு? இங்கதானே? பாருங்க, ரெண்டு வருஷத்துக்கு மேல பூஜ்யம். இந்த ஒண்ணு ஏதோ ஆட்டுல இருந்து வந்திருக்கும்."

"அங்க நாங்க போனதே இல்லீங்களேம்மா."

"யாரோ போயிருக்காங்க. இல்லாம பூஜ்யம்னு எப்படி வரும்? தேடாத எடம்னா வெள்ளையால்ல இருக்கும்."

கண்ணாயி பாட்டிலை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். தேடாத இடத்துக்குக் கோடு போட வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தது எங்கள் அலுவலகம். அந்த அலுவலகமே பூஜ்யம் போட்டிருந்தால், தனக்குத் தெரியாமல் வேறொரு குழு வந்து பார்த்திருக்கிறது என்றுதான் அவருக்குத் தோன்றியது. மாதாமாதம் நேர்கோடு போடுகிறவருக்குத்தான் இப்படித் தோன்றும். ஏனோதானோ என்று எழுதுகிறவராக இருந்திருந்தால், எவனோ ஏனோதானோ என்று எழுதியிருக்கிறான் என்று உடனே பிடித்திருப்பார்.

சுரத்துக்கு மாத்திரை, டெங்குவுக்கு ரத்தம். இரண்டு நாள் கழித்து மறுபடி போனார்கள். இன்னும் இரண்டு நாள் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த நாள் காலையில் செல்லமுத்து தண்ணீர் டம்ளரை வாங்கக் கையை நீட்டியபோது உள்ளங்கை நிறையச் சிவப்புப் புள்ளி. ஆம்புலன்ஸ் மலைப்பாதையின் எழுபது வளைவும் இறங்கிக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் அவருக்கு நினைவு தப்பிவிட்டது. அங்கே ஒரு வயதான டாக்டர் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்த உடனே மாத்திரையைக் கரைத்துக் குழாய் வழியாகக் கொடுக்கச் சொன்னார். கண்ணாயியிடம் அவர் சொன்னது ஒரே வாக்கியம். "மூணு நாள் முன்னாடி இதக் குடுத்திருந்தா நடந்தே ஊட்டுக்குப் போயிருப்பாரும்மா." மறுநாள் செல்லமுத்து இறந்துபோனார். புள்ளிக் காய்ச்சலுக்கான பரிசோதனைக்கு ரத்தம் எடுத்து அனுப்பும் அவகாசம் யாருக்கும் இருக்கவில்லை. காகிதத்தில் 'காய்ச்சல், காரணம் தெரியவில்லை' என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த மாதக் கணக்கில் எங்கள் பகுதியில் உண்ணிக் காய்ச்சல் சாவு எத்தனை என்று ஒரு கட்டம் இருந்தது. அதற்கும் பூஜ்யம் போட்டு அனுப்பியது நான்தான்.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். பத்தாவது இடத்தில் துணி இழுத்தது யார்?

"யாரும் இழுக்கலீங்கக்கா" என்றேன்.

"அப்பறம் அந்த முட்டை?"

"அது நான் போட்டதுங்க. காலியா விட்டா கம்ப்யூட்டர் எடுக்காதுங்க."

அவர் நோட்டைத் திறந்தார். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பத்தாம் வரிசையில் விரலை வைத்துக்கொண்டே போனார். இருபத்தேழு பக்கமும் முடிகிறவரை நான் நின்றுகொண்டிருந்தேன்.

"கோடு போட்டிருந்தேனுங்களே தம்பி. ஒரு மாசம் உடாம போட்டிருந்தேன்."

"தெரியுங்க."

"கம்ப்யூட்டரு எடுக்கலீன்னா எனக்கு ஒரு போனு பண்ணியிருக்கலாமுங்களே. சாரு கிட்டச் சொல்லி வெறுங்காலோட போயி ஒரு நாள் இழுத்துட்டு வந்திருப்பேன். ஒரு நாள் வேலைங்க."

அவர் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். என்னைத் திட்டாமல் தன்னையே திட்டிக்கொண்டார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"நானும் நம்பிட்டேனுங்க. சாமிக்காட்டுக்குள்ள வெளியாளு போயிருந்தா ஊருக்குத் தெரியாத போயிருக்குமா? அந்தம்மா போனைக் காட்டுனப்போ இத ஒரு நொடி நெனச்சிருந்தேன்னா, இல்லீங்கம்மா இது பொய்யின்னு அங்கயே உக்காந்திருப்பேன். படிச்சவங்க எழுதுனதாச்சேன்னு எந்திரிச்சு வந்துட்டேன்."

பிறகு நோட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, வந்த காரியத்தைச் சொன்னார். அடுத்த மாசிக்கு அவர் வீட்டின் முறை பையனுக்கு வந்துவிட்டது. போர்வெல் வண்டியிலிருந்து லீவு போட்டுவிட்டு சந்தோஷ்குமார் வந்து சருகு அள்ள வேண்டும். அதற்குள் அந்த முட்டையை எடுத்துவிட வேண்டும். வரைபடத்தில் சாமிக்காடு வெள்ளையாகிவிட்டால் போதும். பையனுக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே மாத்திரை கிடைக்கும்.

"போக வேண்டாம்னு பையன்கிட்டச் சொல்ல முடியாதுங்களா?" என்று கேட்டேன். புத்திசாலித்தனமான யோசனை என்ற நினைப்பு எனக்கு.

"அவங்கப்பன் அள்ளுன காடுங்க. ஊட்டுக்கு ஒரு ஆளு போயாகணும். சாமிக்காட்டுல உண்ணி இருக்கறது தப்பில்லீங்க தம்பி, காடுன்னா இருக்கும். இல்லீன்னு எழுதுனதுதான் தப்பு. அத நீங்க எடுத்துருங்க."

எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். கம்ப்யூட்டரில் நடப்பு மாதத்தை மட்டும்தான் திருத்த முடியும், பழைய மாதங்கள் பூட்டிக் கிடக்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மணிவண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அந்த வாரமே மேலே கடிதம் எழுதினார். இருபத்தேழு மாதமும் பூஜ்யம் என்று போனது தவறு, தேடப்படவில்லை என்று திருத்த வேண்டும் என்று கேட்டிருந்தார். யார் தவறு என்று அதில் இல்லை. 'தொழில்நுட்பக் காரணங்களால்' என்று ஒரு வார்த்தை இருந்தது. அதைத் தட்டியதும் நான்தான். தட்டும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த மாதம் முதல் பூஜ்யம் போடாமல், கணக்கைக் கோட்டோடு காகிதத்திலேயே அனுப்பினோம். கடிதத்துக்குப் பதில் வரவில்லை. வைகாசியில் கண்ணாயி போன் செய்து கேட்டார், ஆடியில் கேட்டார். "எழுதியிருக்குதுங்கக்கா" என்றேன் இரண்டு தடவையும். மூன்றாம் தடவை போன் வரவில்லை, அவரே வந்தார். கையில் ஒரு பாட்டில்.

ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, செருப்பில்லாமல் தனியாகச் சாமிக்காட்டுக்குள் போய்த் துணி இழுத்திருக்கிறார். செருப்பு இல்லையென்றால் யாருக்கு என்ன ஆட்சேபம் என்று அவர்கள் உடனே விட்டுவிட்டார்களாம். ஒரு காலை வேளையில் நூற்றுப் பதினாறு உண்ணி. பாட்டிலில் தேதி, நேரம், எத்தனை எட்டு நடந்தார் என்பது எல்லாம் பென்சிலில் எழுதி ஒட்டியிருந்தது. திட்டம் தொடங்கிய நாள் முதல் மற்ற ஒன்பது இடங்களில் எதிலும் எந்த மாதத்திலும் இவ்வளவு கிடைத்ததில்லை.

மணிவண்ணன் பாட்டிலைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, பாட்டிலைப் பார்த்தபடியே பேசினார். "பூட்ஸ் இல்லாம எடுத்ததும்மா. குழு இல்லாம எடுத்தது. இத ஆய்வுக்கூடத்துக்கு நான் எப்படி அனுப்ப முடியும்? எந்த வரிசை எண் போட்டு அனுப்பறது?"

"பத்துங்க" என்றார் கண்ணாயி.

மணிவண்ணன் பாட்டிலை என்னிடம் நீட்டினார். பாட்டில் என் மேசை அலமாரியில் இருக்கிறது. சான்றிதழுக்கு நேர் கீழே.

மேலிடத்துப் பதில் தை மாதம் வந்தது. கடிதத்தை நாலு முறை படித்தேன். பத்தாம் இடத்தில் இருபத்தேழு மாதத் தொடர் கண்காணிப்பில் ஓர் உண்ணிகூடக் கிடைக்கவில்லை. அதன்பின் பதிவும் ஒழுங்காக இல்லை. ஆகவே அந்த இடம் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது. அதற்குப் பதில் சுற்றுலா விடுதியின் பின்புறத் தோட்டத்தைச் சேர்த்துக்கொள்ளவும். அவ்வளவுதான் கடிதம். வரைபடத்தில் போய்ப் பார்த்தேன். சாமிக்காடு இருந்த இடத்தில் பச்சையும் இல்லை, வெள்ளையும் இல்லை. புள்ளியே இல்லை. பட்டியலில் இல்லாத இடத்துக்கு எந்த விதியும் கிடையாது.

கண்ணாயிக்கு இதை போனில் சொன்னேன். "செரிங்க" என்று வைத்துவிட்டார். அந்த மாதம் விடுதித் தோட்டத்தில், தினமும் தண்ணீர் தெளித்து வெட்டிவிடும் புல்லில், பூட்ஸ் போட்டுக்கொண்டு எண்ணெய் தடவிக்கொண்டு துணி இழுத்தார். பத்தாம் வரிசையில் முட்டை போட்டு அனுப்பினார். பார்த்துப் போட்ட முட்டை. முதன்முதலாக நான் உண்மையான பூஜ்யத்தைப் பத்தாம் கட்டத்தில் தட்டினேன்.

மாசியில் நான் லீவு போட்டுவிட்டு மலைக்குப் போனேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சருகு அள்ளும் மூன்றாம் நாள், வெயில் சாயும் நேரம். எல்லைக்கல்லுக்கு இந்தப்பக்கம் கண்ணாயி ஒரு வெள்ளைத் துணியை விரித்து வைத்திருந்தார், காட்டில் இழுக்கிற அதே துணி. பக்கத்தில் சாமணமும் பாட்டிலும் நோட்டும். காட்டிலிருந்து வெளியே வரும் ஒவ்வோர் ஆளும் அந்தத் துணிமேல் நின்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்று மூன்று நாளாக நடத்திக்கொண்டிருந்தார். யாரும் கிண்டல் செய்யவில்லை. சந்தோஷ்குமார் முதலில் வந்தான். அப்பனைப் போலவே அகன்ற தோள், வெற்றுடம்பு பூராவும் சருகுத் தூசி.

"கையத் தூக்கு சாமி. திரும்பு. முட்டியை மடக்கு" என்று ஆட்டைத் திருப்புவதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அக்குளில் ஒன்று, இடுப்புக் கயிற்றுக்குக் கீழே இரண்டு, முழங்கால் மடிப்பில் ஒன்று. அந்த நாலாவதை எடுக்கும்போது மட்டும் அவர் கை கொஞ்சம் நின்றது. பிறகு எடுத்துப் பாட்டிலில் போட்டுவிட்டு நோட்டில் பையன் பெயருக்கு நேராக நாலு என்று எழுதினார்.

"பத்து நாளைக்கு ஊட்டைத் தாண்டக்கூடாது கண்ணு. ஒடம்பு சுட்டா ஒடனே எனக்குச் சொல்லு. இந்த நோட்டைத் தூக்கிட்டு அந்தப் பெரிய டாக்டரு காலுலயே போயி உளுவேன். இந்தத்தடவை எந்திரிச்சு வர மாட்டேன்."

நானும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லுக்கு அந்தப்பக்கம் சற்று நேரம் நின்றிருந்தேன். திரும்பி வந்தபோது அவர் என்னையும் துணிமேல் நிற்கச் சொன்னார். கணுக்காலில் ஒன்று ஏறியிருந்தது. கடுகளவுகூட இல்லை. எனக்குத் தெரியவே இல்லை. அதை எடுத்துப் போட்டுவிட்டு, சந்தோஷ்குமாரின் பெயருக்குக் கீழே என் முழுப் பெயரைக் கேட்டு எழுத்துக்கூட்டி எழுதி, நேராக ஒன்று என்று போட்டார்.

நான் நோட்டுக்காகக் கையை நீட்டினேன்.

"குடுங்கக்கா. எங்க சொல்லி ஏத்தணுமோ அங்க சொல்லி நான் ஏத்திடறேன்."

கண்ணாயி நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். கோபமாகச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தவனிடம் சோறு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில்தான் சொன்னார்.

"வேண்டாங்க தம்பி. இது எங்கிட்டயே இருக்கட்டும். உங்ககிட்ட வந்தா முட்டையாயிடும்."

பிறகு காட்டுப் பக்கம் திரும்பி அடுத்த ஆளைத் துணிமேல் வந்து நிற்கச் சொன்னார்.